பள்ளிக்கு ஒரு காற்றடிக்கும் பம்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரத்தில், எந்த ஊர் சைக்கிள் கடைக்குப் போனாலும் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் வண்டியை உருட்டிக்கொண்டு வந்து நிற்பதைப் பார்க்கலாம். பெரும்பாலும் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டிகள். டயரின் பட்டன் அழியாமல் அப்படியே இருக்கும். ஆனால் ரிம்மை ஒட்டிய பக்கவாட்டில் வெடிப்பு ஓடி உள்நூல் தெரியும். ஓடித் தேய்ந்த டயர்கள் அல்ல இவை. காற்றில்லாமல் ஓடியும், காற்றில்லாமல் வெயிலில் நின்றும் வீணானவை. ஒரு ஜோடி டயர் மாற்றும் செலவு கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்குச் சின்னத் தொகை இல்லை. அதைத் தவிர்க்கும் வழிகளைப் பெற்றோரும் பள்ளிகளும் அறிய வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

1888ஆம் ஆண்டு பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்ற நாள் முதல் இன்றுவரை அடிப்படை மாறவில்லை. சுமையைத் தாங்குவது காற்று. டயரின் வேலை அந்தக் காற்றைக் கட்டிப் பிடித்து வைப்பது மட்டுமே. காற்றுக் குறைந்தால் தாங்கும் வேலை டயரின் பக்கவாட்டின் மேல் விழுகிறது. கருப்பு சைக்கிளின் 28 இஞ்சு சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.25 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் சுமார் 445 முறை சுற்றும். பள்ளிக்குப் போக 5, திரும்பி வர 5 கிலோமீட்டர் என்றால், டயரின் ஒவ்வொரு இடமும் நாளொன்றுக்கு 4,400 தடவைக்கு மேல் தரையில் அமுங்கி எழுகிறது. காற்று சரியாக இருந்தால் அமுங்கல் சில மில்லிமீட்டர்தான். குறைவாக இருந்தால், கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பது போல, பக்கவாட்டு நூல் ஒரே கோட்டில் மடிந்து மடிந்து அறுகிறது. ரிம்முக்குச் சற்று மேலே வட்டமாக ஓடும் வெடிப்பைப் பார்த்தால் காரணம் இதுதான். சாலையைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

காற்றுக் குறைவு செய்யும் இன்னும் இரண்டு கெடுதல்கள் உண்டு. பள்ளத்தில் இறங்கும்போது ரிம்மின் இரு விளிம்புகளும் டியூபை டயரோடு சேர்த்து நசுக்கும். டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் விழும். முள்ளைத் தேடினால் கிடைக்காது. மற்றது, டயரும் டியூபும் ரிம்மின் மேல் மெல்ல மெல்ல நகர்வது. டியூபோடு வால்வும் இழுபட்டுச் சாயும். கடைசியில் வால்வின் அடியில் டியூப் கிழியும். அந்த இடத்தில் பஞ்சர் ஒட்டினால் நிற்காது, டியூபையே மாற்ற வேண்டியிருக்கும். ரிம் துளையில் வால்வு நேராக நிற்காமல் சாய்ந்திருந்தால், டியூப் கிழிவதற்கு முன்பே காற்றை முழுதும் இறக்கி, டயரை ரிம்மில் திருப்பி நேராக்கிவிட்டு அடிக்க வேண்டும்.

சரி, எவ்வளவு அடிப்பது? டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். 28 × 1½ டயருக்கு 50 பவுண்டு (PSI) அளவு பொதுவாகப் பொருந்தும். முன் சக்கரத்தில் சுமை குறைவு என்பதால் ஐந்து, பத்துப் பவுண்டு குறைத்து வைக்கலாம். சிக்கல் எங்கே என்றால், நம் ஊர் சைக்கிள் வால்வில் வால்டியூப், அதாவது வால்வின் ஆணி மேல் மாட்டும் மெல்லிய ரப்பர்க் குழாய், இருக்கிறது. கார், மோட்டார் சைக்கிளுக்குக் காற்று அளக்கும் மீட்டரை அதில் வைத்தால் எதுவும் காட்டாது. கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதும் நம்பகமில்லை. தடித்த டயர் காற்றில்லாமலே விறைப்பாக இருக்கும்.

பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று போதும். சமதளத் தரையில் சுவரோரமாக வண்டியை நிறுத்தி, பின் சக்கரத்தின் கீழ்ப்பகுதியில் ரிம் விளிம்பிலிருந்து தரை வரை அளந்து குறித்துக்கொள்ளவும். பிறகு வண்டியை ஓட்டுபவர் தினமும் கொண்டுபோகும் பையோடு ஏறி உட்கார்ந்து, சுவரில் ஒரு கையை ஊன்றி, கால்களைத் தரையிலிருந்து எடுக்க வேண்டும். இன்னொருவர் அதே இடத்தில் மறுபடி அளக்க வேண்டும். 40 மி.மீ. அகலமுள்ள டயர் 6 மி.மீ. அளவுக்கு அமுங்கினால் காற்று சரி. 10 மி.மீ. அமுங்கினால் டயர் செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். 2, 3 மி.மீ. மட்டும் என்றால் காற்று அதிகம். அதனால் பட்டன் நடுவில் மட்டும் தேயும், கூர்மையான கல்லும் கண்ணாடியும் சுலபமாக அறுக்கும், உட்காருபவரின் முதுகும் வலிக்கும். ஒருமுறை இப்படி அளந்து சரிபார்த்துவிட்டால், அந்த நிலைக்கு வர வாரந்தோறும் பம்பில் எத்தனை அடி தேவைப்படுகிறது என்பது கைப்பழக்கமாகிவிடும்.

வாரம் ஒருமுறை காற்றடிப்பது அவசியம். பஞ்சரே இல்லாத நல்ல டியூபிலும் ரப்பரின் ஊடே காற்று கசியும். வால்டியூப் வெயிலில் காய்ந்தோ இளகியோ போயிருந்தால் இன்னும் சீக்கிரம் இறங்கும். வால்வு வாயில் எச்சிலோ தண்ணீரோ ஒரு சொட்டு வைத்தால் குமிழி வருகிறதா என்று தெரிந்துவிடும். குமிழி வந்தால் வால்வின் ஆணியைக் கழற்றி, பழைய வால்டியூபை உரித்தெடுத்து, ஆணியின் பக்கத் துளை முழுதும் மூடும் நீளத்துக்குப் புதுத் துண்டைத் தண்ணீரில் நனைத்து ஏற்ற வேண்டும். வால்டியூபின் விலை மிகச் சொற்பம். இதைப் பஞ்சர் என்று நினைத்து டயரைக் கழற்றி மாட்டுவதில் டயரின் விளிம்புக் கம்பிதான் வீணாக அடிபடுகிறது.

கோடையில் காற்றைக் குறைத்து அடிக்க வேண்டும் என்ற நம்பிக்கை நம் ஊர்களில் ஆழமாக ஊன்றியிருக்கிறது. அக்னி நட்சத்திரம் தொடங்கினாலே பலர் வால்வைத் திறந்து விடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலையில் 30 டிகிரி வெப்பத்தில் 50 பவுண்டு அடித்த டயர், மதிய வெயிலில் நின்று 60 டிகிரிக்குச் சூடேறினால் உள்ளே அழுத்தம் சுமார் 56 பவுண்டு ஆகும். ஆறு பவுண்டுதான் கூடுகிறது. நல்ல டயருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. வெயிலில் வெடிக்கும் டயர்கள் ஏற்கெனவே பக்கவாட்டு நூல் அறுந்தவை, அல்லது விளிம்புக்கு அடியில் டியூப் சிக்கியிருந்தவை. காற்றைக் குறைப்பவர் நல்ல டயரையும் அந்த நிலைமைக்குக் கொண்டுபோகிறார். தயவுசெய்து கோடையிலும் அளவாக, முழுக் காற்று வைத்திருங்கள்.

தேய்மானத்துக்கு வருகிறேன். பின் டயர் எப்போதும் முந்திக்கொண்டு தேயும். ஓட்டுபவரின் எடையில் பெரும்பங்கு அதன் மேல்தான். மிதிக்கும் விசையும் அதன் வழியாகவே தரைக்குப் போகிறது. கேரியரில் வைக்கும் பாரமும் ஏறக்குறைய முழுதாக அதன் தலையில்தான். 14.2 கிலோ எரிவாயு நிரம்பிய சிலிண்டர் இரும்போடு சேர்ந்து 30 கிலோ அளவுக்கு வரும். நாற்பது லிட்டர் பால் கேன் அதற்கும் மேல். பாரம் ஏற்றும் வண்டிக்குப் பின் டயரில் அச்சிட்ட அளவின் மேல்வரம்பு வரை காற்று வைக்க வேண்டும். பாரத்துக்கென்று வரும் தடித்த டயர் இருந்தால் அதைப் போடுவதே மேல்.

பின் டயர் மொட்டையானதும் என்ன செய்வது என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். புது டயரைப் பின்னால் போட்டுவிட்டு, முன்னால் பழையதையே விட்டுவிடுகிறார்கள். முன்னால் இருக்கும் பாதி தேய்ந்த டயரைப் பின்னுக்கு மாற்றி, புதியதை முன்னால் போடுவதே சரியான முறை. பின் டயர் வெடித்தாலோ வழுக்கினாலோ சமாளித்து நிறுத்தலாம். முன் டயர் போனால் ஹேண்டில்பார் கையை மீறிப் போய் ஆள் விழுவது நிச்சயம். ஆகவே நல்ல டயர் எப்போதும் முன்னால் இருக்க வேண்டும். முன் டயரைப் பின்னால் ஓட்டித் தீர்ப்பதால், அது பல ஆண்டு முன் சக்கரத்திலேயே கிடந்து பழசாகி வெடிப்பதும் தவிர்க்கப்படும். பணமும் மிச்சம், பாதுகாப்பும் கூடும்.

பிரேக் பழக்கமும் டயரைத் தேய்க்கிறது. முன் பிரேக் கட்டையைக் கழற்றிவிட்டு, பின் பிரேக்கை மட்டும் பூட்டிச் 'சர்'ரென்று தேய்த்து நிறுத்துவது பிள்ளைகளுக்கு வேடிக்கை. சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடும்போது டயரின் ஒரே இடம் தரையில் அரைபடும். அந்த இடம் மட்டும் தட்டையாகி நூல் வெளியே வரும். மற்ற இடங்களில் பட்டன் அப்படியே இருக்க, டயர் குப்பைக்குப் போகும். இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தால் முன் சக்கரம் நிறுத்தும் வேலையில் பெரும்பகுதியை ஏற்கும், பின் சக்கரம் பூட்டாது. கேபிள் பிரேக் உள்ள வண்டியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பிரேக் கட்டையின் மேல் விளிம்பு ரிம் விளிம்புக்கு ஓரிரு மில்லிமீட்டர் கீழேயே நிற்க வேண்டும். கட்டை டயரைத் தொட்டால் பக்கவாட்டில் வட்டமாகக் கோடு கிழித்து, சில நாட்களில் அறுத்துவிடும். கம்பி பிரேக் உள்ள கருப்பு சைக்கிளில் கட்டை ரிம்மின் உட்புறத்தில் பிடிப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

செயினை இறுக்கிய பின் பின் சக்கரம் நடுவில் நிற்கிறதா என்று பார்க்காமல் நட்டை முறுக்கிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து, டயர் பாடியில் உரசும். இரண்டு பக்கமும் விரல் விட்டுப் பார்த்தால் இடைவெளி ஒன்றாக இருக்க வேண்டும். சக்கரத்தைச் சுழற்றி விட்டால் டயர் எங்கேயாவது ஆடுகிறதா என்றும் கவனிக்க வேண்டும். ரிம்மும் சேர்ந்து ஆடினால் போக்ஸ் கம்பியை இறுக்கி, தளர்த்தி, பெண்டு எடுக்க வேண்டும். ரிம் நேராக ஓடி டயர் மட்டும் மேலும் கீழும் துள்ளினால், டயர் ரிம்மில் சரியாக உட்காரவில்லை. டயரின் ஓரத்தில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு சுற்றி வரும். அது ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் தெரிய வேண்டும். அமுங்கிய இடம் இருந்தால் காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, அந்த இடத்தைக் கையால் இழுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் லொடலொடவென்று ஆடுகிறது என்றால் கோன் தளர்ந்திருக்கிறது, அல்லது பால்ரஸ் தேய்ந்திருக்கிறது. இதெல்லாம் டயரோடு சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும். ஆனால் டயரின் ஒரு பக்கம் மட்டும் தேய்வதற்கு முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் இவைதான்.

முள்ளும் கண்ணாடியும். நம் கிராமத்துப் பாதைகளில் சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும் இல்லாத இடம் குறைவு. நெருஞ்சிக் காய் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்தே கிடக்கும். நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி டயர் வெடித்துச் சிதறிய மெல்லிய எஃகுக் கம்பித் துண்டுகள் இன்னொரு வகை. கண்ணுக்கே தெரியாது. பஞ்சர் ஒட்டும்போது டியூபில் ஓட்டையைக் கண்டுபிடித்ததோடு நிறுத்திவிடக் கூடாது. டயரில் எழுத்துள்ள இடத்தை எப்போதும் வால்வுக்கு நேராக வைத்து மாட்டினால், டியூபில் ஓட்டை வால்வுக்கு எத்தனை சாண் தள்ளி இருக்கிறதோ, டயரிலும் வால்வுக்கு இரு பக்கமும் அத்தனை சாண் தள்ளித் தேடினால் முள் கிடைத்துவிடும். டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்துப் பார்க்கவும். துணி சிக்கும் இடத்தில் முள் இருக்கும், விரலும் தப்பும். மழைக்காலத்தில் ஓட்டை கூடுவதற்கும் காரணம் இருக்கிறது. ஈர ரப்பரைக் கண்ணாடித் துண்டு காய்ந்த ரப்பரைவிடச் சுலபமாக அறுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை பட்டனுக்கு இடையில் பதிந்த கண்ணாடித் துண்டுகளைக் குச்சியால் நோண்டி எடுத்துவிட்டால், அவை நாளாக நாளாக உள்ளே இறங்கி நூலை அறுப்பது நிற்கும்.

ரப்பரில் மட்டும் விழுந்த சின்ன வெட்டு ஆபத்தில்லை. நூல் அறுந்திருந்தால், பழைய டயரின் பக்கவாட்டிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் துண்டு வெட்டி, ஓரங்களை மெலிதாகச் சீவி, உட்புறமாகச் சொல்யூசன் போட்டு ஒட்ட வேண்டும். சீவாமல் வைத்தால் அந்த ஓரமே டியூபைத் தேய்த்து ஓட்டையாக்கும். இது பின் டயருக்கு, சில வாரத்துக்கு மட்டும். முன் டயரில் இப்படி ஓட்டக் கூடாது. டயரின் பக்கம் புடைத்து நின்றாலோ, விளிம்புக் கம்பி ஒடிந்திருந்தாலோ, நடுப்பட்டையில் நூல் தெரிந்தாலோ, எந்த ஒட்டும் போடாமல் மாற்றிவிட வேண்டும்.

டயர் மாட்டும்போது ஸ்க்ரூ டிரைவரால் நெம்புவது விளிம்புக் கம்பியை வளைத்து, டியூபையும் கடித்துவிடும். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி, கையாலேயே அமுக்கிக்கொண்டு வந்து வால்வு அருகில் முடித்தால் பெரும்பாலும் நெம்பவே தேவைப்படாது. முடித்ததும் வால்வை உள்ளே ஒருமுறை தள்ளி இழுத்தால், அடியில் சிக்கிய டியூப் விடுபடும். டியூபில் லேசாக முகப்பவுடர் தடவிப் போட்டால் டயரோடு ஒட்டாது.

டயர் வாங்குகிறவர்கள் அளவில் ஏமாறுவது சகஜம். 26 என்று போட்டிருந்தால் எல்லாம் ஒன்றல்ல. 26 × 1⅜ டயரின் விளிம்பு விட்டம் 590 மி.மீ., பெரும்பாலான லேடீஸ் சைக்கிளுக்கு அதுதான். 26 × 1.75 அல்லது 1.95 என்று தசமத்தில் போட்டிருந்தால் 559 மி.மீ. ஒன்று இன்னொன்றில் ஏறாது. 28 × 1½ டயர் 635 மி.மீ. அதை 622 மி.மீ. உள்ள 700சி ரிம்மில் போட்டால் லேசாக ஏறிவிடும், காற்றடித்ததும் கழன்று டியூப் வெடிக்கும். டயரில் 40-635, 37-590 என்று பொறித்திருக்கும் எண்ணில் பின்பகுதியைப் பழைய டயரோடு ஒப்பிட்டு வாங்கினால் பிழை வராது. ஐ.எஸ். 2414 என்ற தர எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்கவும். கடை வாசலில் வெயிலில் மாலைபோல் தொங்கும் டயரை வாங்காதீர்கள். உள்ளே நிழலில் இருப்பதைக் கேட்டு வாங்கி, பக்கவாட்டை மடித்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அது விற்கும் முன்பே கிழடாகிவிட்டது.

ஓடாமல் நின்றே டயர் கெடுவதற்கு விளக்கம் இது. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் ரப்பரைத் தாக்கும், அதிலும் இழுபட்டோ மடிந்தோ இருக்கும் இடத்தில் வேகமாகத் தாக்கும். டயரில் கலந்திருக்கும் மெழுகு, ஓடும்போது மேற்பரப்புக்கு வந்து காப்பாற்றும். ஓடாமல், காற்றில்லாமல், மடிந்து நிற்கும் டயருக்கு அந்தக் காவலும் இல்லை. விடுமுறையில் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிழலில் நிறுத்தி, காற்றை அரை அளவுக்குக் கீழே இறங்க விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். தீப்பொறி தெறிக்கும் மின்மோட்டார் ஓடும் அறையில் நிறுத்துவதைத் தவிர்க்கவும், அந்தத் தீப்பொறியிலும் ஓசோன் உண்டாகிறது. செயினுக்கு விடும் எண்ணெய், சர்வீஸ் செய்யும் மண்ணெண்ணெய், டீசல் எதுவும் டயரில் படக் கூடாது. பட்டால் உடனே சோப்புத் தண்ணீரால் கழுவிவிட வேண்டும். பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுவதும் வேண்டாம்.

அகால மரணமடையும் இந்த டயர்கள் எங்கே போகின்றன? தோட்டத்து மூலையில் மழைநீர் தேங்கி டெங்கு கொசு வளர்க்கின்றன. மிச்சம் போகியன்று எரிந்து ஊரெல்லாம் கரும்புகையாகிறது. ஒவ்வொரு ஆண்டும் எரிக்காதீர்கள் என்று சொல்கிறோம். டயர் சீக்கிரம் கெடாமல் இருக்க என்ன செய்யலாம் என்று சொல்வதில்லையே என்பதுதான் என் வருத்தம்.

அரசுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகங்களுக்கும் என் வேண்டுகோள் இவ்வளவுதான். சைக்கிள் நிறுத்துமிடத்துக்குக் கூரை போடுங்கள். தென்னங்கீற்றுப் பந்தல் ஆனாலும் போதும். வழங்குவதற்கு முன் புது மிதிவண்டிகளைத் திறந்த மைதானத்தில் அடுக்கி வைக்க நேர்ந்தால் நிழலும், டயரில் காற்றும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறைக்கு முந்தைய நாள் காலை வணக்கக் கூட்டத்தில், வண்டிக்குக் காற்றடித்து நிழலில் நிறுத்தச் சொல்லி ஒரு வரி அறிவியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளிக்கு ஒரு நல்ல ஸ்டாண்டு பம்பு வாங்கி, நிறுத்துமிடத் தூணில் சங்கிலி போட்டுக் கட்டிவையுங்கள், பிள்ளைகள் திங்கட்கிழமை தோறும் தாங்களே அடித்துக்கொள்வார்கள். பம்பு காற்றைத் தள்ளாமல் கைப்பிடி லேசாக இறங்கினால் பழுது என்று ஒதுக்கிவிடாதீர்கள். பெரும்பாலும் உள்ளே இருக்கும் தோல் வாசர் காய்ந்து சுருங்கியிருக்கும். மேல் மூடியைத் திருகிக் கழற்றி, தண்டை வெளியே எடுத்து, வாசரை விரலால் விரித்து இரண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டு ஊறவைத்து மாட்டினால் பம்பு மறுபடி வேலை செய்யும்.

இப்படிக்கு,
சைக்கிள் பழுதுபார்ப்பவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.